ஒருவருக்கும் இல்லாத பெயர்

சென்ற ஆண்டின் நடுப்பகுதியில் என் பழைய மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். தமக்கு ஆண் குழந்தை பிறந்து பத்து நாளாகிறது எனவும், அதற்குப் பொருத்தமான பெயரொன்றைத் தெரிவுசெய்து உதவுமாறும் அதிலே கேட்டிருந்தார். தமிழ் கற்பித்தவரிடம் குழந்தைக்குப் பெயர் கேட்பது நம்மவரிடையே நெடுநாள் வழக்கமாதலால் அது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் கடிதத்திலே மூன்று நிபந்தனைகள் இருந்தன. குழந்தை பூர நட்சத்திரத்திற் பிறந்தமையால் பெயர் மோ, டா, டி, டு என்னும் எழுத்துகளுள் ஒன்றிலே தொடங்குதல் வேண்டும். எண்சாத்திரப்படி கூட்டுத்தொகை ஐந்தாய் அமைதல் வேண்டும். மூன்றாவது நிபந்தனையின் கீழ் அவர் இருமுறை கோடிட்டிருந்தார்: அப்பெயர் வேறு ஒருவருக்கும் இல்லாததாய் இருத்தல் வேண்டும்.

முதலிரண்டையும் நான் பெரிதாக எண்ணவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி, எழுத்துகளைக் கூட்டிக் கழித்து அவற்றை நிறைவுசெய்யலாம். மூன்றாவதோ என்னை மூன்று கிழமை அலைக்கழித்தது. ஒருவருக்கும் இல்லாத பெயரை ஒருவன் தன் மகனுக்கு ஏன் விரும்புகின்றான்? விரும்புவதற்கு அவனுக்கு உரிமை உண்டா? அவ்விருப்பத்தின் விலையைச் செலுத்தப்போகிறவர் யார்? இக்கட்டுரை அவ்வலைக்கழிவின் விளைவாகும்.

பெயரிடுதல் பெற்றோரின் சொந்த விருப்பத்துக்குரியது. இதில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். ஆயின் ஒன்று கருதற்குரியது. ஒருவருக்கு நாம் அளிக்கும் கொடை எதனையும் அவர் வேண்டாமென மறுக்கலாம். மறுக்கக்கூடியது என்பதே கொடைக்கு அதன் தன்மையைத் தருகிறது. பெயர் அத்தகையதன்று. மறுக்கும் ஆற்றலை அவன் பெறுமுன்பே அது அவனோடு ஒட்டிவிடுகின்றது. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம், பிறந்த நேரந்தொட்டுப் பெயர் பெறும் உரிமையைக் குழந்தைக்கு அதன் 7ஆம் உறுப்புரையில் வழங்கியிருக்கின்றது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. பெயர் பெறும் உரிமை குழந்தைக்கு உண்டு. இன்ன பெயர்தான் வேண்டுமெனக் கூறும் உரிமை இல்லை, இருத்தலும் இயலாது. வளர்ந்தபின் மாற்றிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. ஆயினும் அதற்குள் பெயர் சான்றிதழ்களில் ஏறிவிடும்; நண்பர்களின் நாவிற் பழகிவிடும். மாற்றிக்கொண்டவன் புதுப்பெயரால் அறியப்படுவதிலும், பெயரை மாற்றியவன் என்றே அறியப்படுவது மிகுதி.

நம் இலக்கணகாரர் பெயர்ச்சொல்லை இடுகுறியெனவும் காரணமெனவும் வகுத்தனர். மரம் இடுகுறி, பறவை காரணம். அவ்வாறாயின் மனிதனுக்கு இடும் பெயர் எவ்வகையைச் சார்ந்தது? அறிவழகன் என்ற சொல்லிலே காரணம் வெளிப்படையாய் உண்டு. ஆனால் அப்பெயரினன் அறிவும் அழகும் அற்றவனாய் வளர்ந்தாலும் அது பொய்ப்பெயர் ஆகிவிடுவதில்லை. காரணப்பெயரின் உடையணிந்து இடுகுறியின் தொழிலைச் செய்வதே ஆட்பெயர் எனலாம். ஜோன் ஸ்ருவேட் மில் 1843இல் வெளியிட்ட தமது தருக்க நூலில் ஏறக்குறைய இதனையே நிறுவினார். டாட் என்னும் ஆற்றின் முகத்திலே அமைந்தமையால் ஓர் ஊர் டாட்மத் எனப் பெயர் பெற்றது. ஆறு திசைமாறி வேறிடத்திற் கடலோடு கலந்தாலும் ஊரின் பெயர் மாறவேண்டியதில்லை என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. ஆட்பெயர் ஆளைச் சுட்டுமேயன்றி அவன் குணம் எதனையும் கூறாது என்பது அவர் முடிபு. சோல் கிரிப்கி என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1970இல் ஆற்றிய விரிவுரைகளில் இதனை மேலும் ஓரடி நகர்த்தினார். முதலில் ஒருவர் பெயரிடுகிறார். அவரிடமிருந்து மற்றவர், அவரிடமிருந்து இன்னொருவர் எனச் சங்கிலிபோலப் பெயர் கைமாறிச் செல்கின்றது. நாம் ஒருவனைப் பெயர்சொல்லிக் குறிப்பிடும்போது அச்சங்கிலியைப் பற்றிக்கொண்டே அவனைச் சென்றடைகிறோம் என்பது அவர் கருத்து.

இவ்விருவரினும் நமக்கு அணுக்கமான ஒரு வாதம் நியாய மரபிலே உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இறைவனின் விருப்பத்தால் அமைந்தது என்பது நையாயிகர் கொள்கை. அவ்வாறாயின் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு இன்று தகப்பன் இட்ட பெயரில் அவ்விருப்பம் எங்ஙனம் இருக்கும்? 17ஆம் நூற்றாண்டினரான விசுவநாத பஞ்சானனர் தமது முக்தாவளியில் இதற்கு விடை காண்கிறார். பதினோராம் நாளிலே தந்தை பெயரிடுக என்பது விதி. தந்தை இடும் பெயர் எதுவாயினும் அதனை அவ்விதி முன்கூட்டியே தழுவிக்கொள்கிறது. ஆகவே புதுப்பெயருக்கும் ஆற்றல் உண்டு என்பது அவர் விளக்கம். (நமது ஊர்களிலே துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள்வரை காத்திருப்பவர்களுக்கு அவர் என்ன சொல்லியிருப்பாரோ!) நுணுக்கமான வாதம் என்று இதனைப் புன்னகையோடு கடந்துவிடலாம். ஆயினும் இதனுள் ஓர் உண்மை இருக்கிறது. தகப்பன் வாயிலிருந்து பிறப்பதனால் மட்டும் ஒலியொன்று பெயராகிவிடாது. அவனுக்கு அப்பாலுள்ள ஒன்று அதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். நையாயிகர் அதனை இறைவன் என்றனர். நாம் சமுதாயம் எனலாம். அச்சமுதாயம் ஒரு பெயரை ஏற்க மறுத்ததை நான் கண்ணாற் கண்டதுண்டு. அதனைக் கூறுமுன் பழைய முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

நம் முன்னோர் பெயரைத் தேடவில்லை. அது முன்னரே இருந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குவதால் மகனின் மகன் பெயரன் ஆனான். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலே பேரன் என்பது பாட்டனையே குறிக்கும். பெயரைத் தந்தவனும் பெற்றவனும் ஒரே சொல்லுக்குள் அடங்கும் இவ்வழக்கு, அம்முறையின் உட்கருத்தை எந்த விளக்கத்தையும்விட நன்கு உணர்த்துகின்றது. அங்கே பெயர் தனியாளின் உடைமையன்று. தலைமுறை தாண்டிக் கைமாறும் காணியைப் போன்றது. ஒரே ஊரிலே ஒரே பெயருடையோர் ஐவர் இருப்பர். அதனால் எவருக்கும் இடர் நேர்ந்ததில்லை. ஒருவர் மூலைவீட்டுக்காரர், ஒருவர் காணிப்பெயரால் அறியப்படுபவர், இன்னொருவர் என்றோ செய்த குறும்பினால் பட்டப்பெயர் பெற்றவர். குலம் தந்த பெயரொன்று, ஊர் தந்த பெயரொன்று என எல்லோருக்கும் இரண்டு. ஒருவருக்கும் இல்லாத பெயர் வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. பட்டப்பெயர் வடிவத்தில் அது கேளாமலே வந்து சேர்ந்தது, பெரும்பாலும் விரும்பத்தகாததாய்.

இவ்வளவோடு நிறுத்தின், பழமை சிறந்தது, புதுமை பிழை என்ற வழக்கமான முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம். நமது மலர்களிலே வெளிவரும் கட்டுரைகள் பல அங்ஙனம் நின்றும் விடுகின்றன. ஆனால் மேற்கூறிய முறை எல்லோருக்கும் உரியதாய் இருக்கவில்லை. யாழ்ப்பாணச் சமுதாயம் தாழ்த்தி வைத்திருந்த மக்களுக்குக் கோயில் வாயிலும் பொதுக்கிணறும் மட்டுமல்ல, பெயர்களும் மறுக்கப்பட்டிருந்தன. பிள்ளை என்றோ ஆர் என்றோ முடியும் பெயர் ஒரு சாராரின் சொத்தாய்க் கருதப்பட்டது. மற்றையோர் பெயர் கந்தன், சின்னன் என ஒருமையிற் குறுகி நிற்றல் வேண்டும் என்பது எழுதாச் சட்டம். தெய்வத்தின் முழுப்பெயரைப் பிள்ளைக்கு இட்டாலும் கூப்பிடுவோர் அதன் வாலை நறுக்கியே கூப்பிடுவர்.

1960களின் தொடக்கத்திலே நான் படித்த கிராமப் பள்ளிக்கூடத்தில், எங்கள் வகுப்பிலே பிள்ளை என முடியும் பெயருடைய மாணவர் நால்வர் இருந்தோம். நால்வருள் ஒருவன் அச்சாராரைச் சேர்ந்தவன் அல்லன். அவனுடைய தகப்பனார் கொழும்பிலே சில காலம் வேலைபார்த்துத் திரும்பியவர். மகனின் பிறப்பைப் பதியும்போது முழுப்பெயரையே பதிவித்திருந்தார். இடாப்பிலும் அவ்வாறே இருந்தது. காலையில் ஆசிரியர் இடாப்பு வாசிக்கையில் எங்கள் மூவரின் பெயர்களையும் முழுமையாய் வாசிப்பார். அவனுடைய பெயருக்கு வந்ததும் ஈற்றை விழுங்கிவிட்டு முன்பாதியை மட்டும் கூறுவார். அவன் மறுமொழி சொல்லமாட்டான். ஆசிரியர் தலைநிமிர்ந்து அவனைப் பார்ப்பார். அவனும் அவரைப் பார்ப்பான். பின்னர் அவர் குனிந்து, வரவில்லை எனப் புள்ளடி இடுவார். “முழுப்பேரையும் சொன்னால்தான் வாய் திறக்கவேணும் எண்டு அப்பு சொன்னவர்” என்று அவன் எங்களிடம் கூறினான். இவ்வாறு அத்தவணை முழுவதும் நாள்தோறும் வாங்கிலிலே இருந்தபடியே அவன் வராதவனாய் இருந்தான். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. ஒருவன் பெயரைக் கூப்பிடும் குரலுக்குள் நுழைவது சட்டத்துக்கு எளிதன்று.

அவனுக்கு இடப்பட்ட பெயர் மிகச் சாதாரணமானது. எங்கள் ஊரிலேயே அப்பெயரினர் பலர் இருந்தனர். ஆனால் அத்தகப்பனார் செய்ததைவிட அரிய பெயரிடல் ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. ஊரிலுள்ள எல்லோருக்கும் இருந்த பெயர், அவர் தெருவில் ஒருவருக்கும் இல்லாத பெயராய் இருந்தது. பெயரின் அருமை அதன் ஒலியிலே தங்கியிருப்பதில்லை என்பதை அப்பொழுது நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஈற்றை விழுங்கிய அவ்வாசிரியர் என் பெயரை முழுமையாய் வாசித்ததை நான் உரிமையெனக் கருதி மறுமொழி கூறிக்கொண்டிருந்தேன் என்பதும் இங்கே சொல்லப்படவேண்டியதே.

பெயர் பிறரால் இடப்படும்போது அதன் பின்னணியில் அதிகாரம் நிற்கிறது என்பதற்கு நமது கல்வி வரலாற்றிலேயே சான்றுண்டு. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே தொடங்கிய செமினறியிலும் அதனைச் சார்ந்த விடுதிப் பள்ளிகளிலும் கற்ற பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் ஏற்றனர். செலவை ஏற்றவர் தாம் விரும்பும் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாம் என்பது ஏற்பாடு. இவ்வாறு சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். முன்னவர் 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டவர்; பின்னவர் 1850இல் நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலைத் தமிழில் எழுதியவர். கடல்கடந்த ஊரிலே வாழ்ந்த எவரோ ஒருவரின் நினைவு மானிப்பாயிலும் சங்குவேலியிலும் பிறந்த பிள்ளைகளின் தலையில் ஏறியது. யாழ்ப்பாணத்திலே அவை ஒருவருக்கும் இல்லாத பெயர்களே. உணவுக்கும் கல்விக்கும் ஈடாகப் பெற்ற பெயர் என அதனை இகழ்வது எளிது. ஆயினும் அவர்கள் இரு பெயர்களையும் சேர்த்தே வைத்துக்கொண்டனர். அடக்கப்பட்டிருந்த மக்கள் திருமுழுக்குப் பெற்றபோது கிடைத்த தானியேல், சாமுவேல் போன்ற பெயர்களோ வேறொரு பணியையும் செய்தன. அவற்றின் ஈற்றிலே நறுக்குவதற்கு வால் இருக்கவில்லை.

தாமே தமக்குப் பெயர் தெரிந்தவர்களும் நம்மிடையே உளர். காரைதீவில் மயில்வாகனனாய்ப் பிறந்தவர் 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அப்பெயருடனேயே அமர்ந்தார். ஸ்தனிஸ்லாஸ் என்னும் பெயரோடு ஊர்காவற்றுறைப் பகுதியிலே வளர்ந்தவர் முன்னோர் பெயரான தனிநாயகத்தைத் தமதாக்கிக்கொண்டார். இவர்களது பெயர்களின் அருமையை எவரும் குறைகூற இயலாது. ஏனெனில் அப்பெயர் கோரிய வாழ்க்கையை வாழப்போவது தாமே என அறிந்து அதனை ஏற்றவர்கள் அவர்கள். லெனின் என்றும் நேரு என்றும் மகனுக்குப் பெயரிட்ட தகப்பன்மார் நிலை அதுவன்று. மகன் வியாபாரியாகி, தகப்பனின் கொள்கையைத் தன் கடைப்பலகையிலே சுமந்துகொண்டிருப்பதைக் கண்டிருக்கிறோம். போர்க்காலத்திலே இறந்த தம்பியின் பெயரை, மாமனின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இட்ட வீடுகளும் பல. அந்தத் துயரத்தைக் குறைகூற எனக்கு நாவெழாது. ஆயினும் அப்பிள்ளையை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் தாய் திரும்பிப் பார்ப்பது அவனை மட்டுமா என்ற வினா எஞ்சியே நிற்கிறது.

இனி இக்காலப் பெயர்களுக்கு வருவோம். தொல்காப்பியரும் நன்னூலாரும் மொழிக்கு முதலில் வாரா எனக் கொண்ட எழுத்துகளுள் டகரமும் ஒன்று. பஞ்சாங்கமோ ஆயிலியத்துக்கும் பூரத்துக்கும் டகர வரிசையையே விதிக்கின்றது. இரண்டுக்குமிடையே அகப்பட்ட பெற்றோர் இலக்கணத்தைக் கைவிட்டனர். 1980களின் பின்னர் நம் இடாப்புகளிலே டிலக்ஷன், டிலுக்ஷன், டினோஜன், டனுஷன் எனப் பெருகிய பெயர்களுக்கு நட்சத்திரம் மட்டுமே காரணமன்று. எண்சாத்திரம், ஒலியின் கவர்ச்சி, பக்கத்துவீட்டுப் பிள்ளையின் பெயர் ஆகிய எல்லாமே அதிற் கலந்துள்ளன. இவற்றுட் பலவற்றிற்கு எம்மொழியிலும் பொருள் கிடையாது. வேடிக்கை யாதெனின், ஒவ்வொரு பெற்றோரும் ஒருவருக்கும் இல்லாத பெயர் வேண்டுமென்றே ஓரெழுத்தை மாற்றி, ஓரெழுத்தைக் கூட்டி இவற்றை ஆக்கினர். எல்லோரும் ஒரே வகையில் மாற்றியமையால் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்தே விளங்குகின்றனர். ஸ்ரான்லி லீபர்சன் என்னும் சமூகவியலாளர் 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலொன்றில், பெயர்களின் போக்கு பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவுமின்றி, முன்னைய ஒலியைச் சிறிது மாற்றும் உட்தூண்டுதலினாலேயே நகர்கிறது எனக் காட்டியிருக்கிறார். உடையின் நீளம் ஆண்டுக்காண்டு மாறுவது போன்றது அது.

இப்பெயர்களை நான் நெடுங்காலம் எள்ளி நகையாடி வந்தேன். விரிவுரை மண்டபத்திலே ஒருமுறை, சொல்லின் பொருள் பற்றிய பாடத்தில், பொருளற்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பிலிருந்த மாணவரின் பெயர்களையே கூறிச் சிரிப்பை வரவழைத்தேன். பாடம் முடிந்தபின் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். “சேர், என்ரை பேரைக் கேட்டு நான் எந்த ஊர், என்ன ஆக்கள் எண்டு உங்களாலை சொல்ல ஏலுமோ?” என்று கேட்டான். இயலாது என்றேன். “அதுக்காகத்தான் அப்பா வைச்சவர்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் கூறியது என் எள்ளலின் அடியையே பெயர்த்துவிட்டது. பொருள் உடையதாய் இருந்த நம் பழம்பெயர்கள் உண்மையில் எப்பொருளை உணர்த்தின? ஊரையும் சாதியையும் சமயத்தையும் உணர்த்தின. மில் என்ன கூறினும், நம் நாட்டிலே ஆட்பெயர் சுட்டுவதோடு நின்றதில்லை. கேட்டமாத்திரத்தில் ஆளை அளந்துவிட உதவியது. பொருளை இழந்தபோதே நம் பெயர்கள் முதன்முறையாக மில் கூறிய பெயர்கள் ஆயின. பண்டிதர் சொற்சிதைவு என்று கண்டதைத் தகப்பன் ஒருவன் மகனுக்குக் கட்டிய காப்பெனக் கண்டிருக்கிறான். இவ்வாறு எண்ணி எல்லோரும் பெயரிட்டனர் என நான் கூறவரவில்லை. பெரும்பாலோர் ஒலிக்காகவே இட்டிருப்பர். இருப்பினும் விளைவு ஒன்றே.

காப்புக்காகவே பெயர் தெரிந்த காலமும் நம் நினைவில் உண்டு. 1983 யூலையிலும் அதன்பின் 2009வரை நீண்ட போர்க்காலத்திலும் பெயர் ஆளைக் காட்டிக்கொடுத்தது. காவலரணிலே அடையாள அட்டையை நீட்டியவனின் முகத்தைப் பார்க்குமுன் அதிலுள்ள பெயரையே பார்த்தனர். சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவாய் ஒலிக்கும் ரொஷான், சுரேஷ் போன்ற பெயர்களைக் கொழும்பிலே வாழ்ந்த தமிழர் சிலர் விரும்பியதற்கு நாகரிகம் மட்டுமே காரணம் எனக் கூறுவது பேதைமை. ஆகவே ஒரு பெயரைக் கேட்டவுடன் அது தமிழா, அதற்குப் பொருள் உண்டா என்று தீர்ப்புக் கூறுமுன், அது எந்த ஆண்டில், எந்தத் தெருவில் இடப்பட்டது எனக் கேட்டல் வேண்டும்.

இவ்வளவையும் எண்ணியபின் என் மாணவரின் கடிதத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். அவர் மகனுக்கு அஞ்சவேண்டிய காவலரண் இன்று இல்லை. பெயரின் வாலை நறுக்கும் ஆசிரியர் இன்று இருப்பின் அவர் வேறு உத்திகளைக் கையாள்வார். அவ்வாறாயின் ஒருவருக்கும் இல்லாத பெயர் இக்குழந்தைக்கு எதிலிருந்து காப்பளிக்கும்? மற்றைய பிள்ளைகளோடு ஒப்பாய் எண்ணப்படுவதிலிருந்தே என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை. அடைத்த கதவொன்றைத் திறப்பதற்கு அரிய பெயர் தேவையாயின் அதனை இடலாம், இடவும் வேண்டும். தன் பிள்ளை மற்றவர் பிள்ளைகளைப் போன்றவன் அல்லன் எனப் பிறந்த பத்தாம் நாளிலேயே அறிவிப்பதற்கு அது தேவைப்படின், அவ்வறிவிப்பு தகப்பனுடையது. அதனை வாழ்நாள் முழுவதும் மெய்ப்பிக்க வேண்டிய கடன் மட்டுமே மகனுடையது. சாதாரணப் பெயருடையவன் கூட்டத்திலே மறைந்து தவறிழைக்கலாம், திருந்தலாம், தோற்கலாம். ஊருக்கொருவனாய்ப் பெயர்பெற்றவனுக்கு அவ்வசதி இல்லை. இணையத்திலே பெயரைத் தட்டியதும் அவன் ஒருவனே வந்து நிற்பான், பதினைந்து வயதில் எழுதிய மடமைகள் உட்பட.

ஆண்பிள்ளையின் பெயரில் இன்னொரு கணக்கும் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பனின் பெயரே பிள்ளைகளின் பெயருக்கு முன்னே நிற்கின்றது. மகளின் முதலெழுத்து பெரும்பாலும் திருமணத்தோடு மாறிவிடும். புலம்பெயர்ந்த நாடுகளிலோ குடிவரவுப் படிவங்கள் குடும்பப்பெயர் கேட்பதால், பாட்டனின் தனிப்பெயர் பேரப்பிள்ளைகளின் குலப்பெயராகி நிலைத்துவிட்டமைக்கு எடுத்துக்காட்டுகள் எங்கணும் உள. ஆகவே இன்று மகனுக்குத் தேடும் பெயர் இன்னும் பிறவாத பிள்ளைகளுக்கும் தேடும் பெயராகும். பாட்டன் பெயரைப் பின்னோக்கி வாங்க மறுத்த அதே தகப்பன், தன் கற்பனையை முன்னோக்கிக் கையளிக்கின்றான். விசுவநாதர் கூறிய பதினோராம் நாளின் அதிகாரம் சிறியதன்று.

இவற்றைச் சுருக்கி மாணவருக்கு மறுமொழி எழுதினேன். அப்போது குழந்தைக்கு முப்பத்தாறு நாள். 1951ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 42 நாளுக்குள் பிறப்பைப் பதிதல் வேண்டும். பெயரைப் பின்னரும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாலும் வீட்டார் அவசரப்படுத்திக்கொண்டிருந்தனர். கடிதத்தின் முடிவில் இரண்டு பெயர்களைக் குறித்தேன். இரண்டுமே பலருக்கு உள்ளவை. ஒன்று மோ என்னும் எழுத்திலே தொடங்குவது. மற்றையது எந்த நட்சத்திரத்துக்கும் ஒவ்வாது. எண்ணைக் கூட்டிப் பார்க்கவில்லை.

ஒரு கிழமை கழித்து மறுமொழி வந்தது. நான் குறித்த இரண்டையும் அவர் தெரியவில்லை. தாமே ஒரு பெயரை ஆக்கிப் பதிந்துவிட்டதாகவும், எவ்வளவு தேடியும் அப்பெயரில் இன்னொருவர் அகப்படவில்லை என்றும் எழுதியிருந்தார். ஆனால் குழந்தையின் பேத்தியாருக்கு அது வாயில் நுழையாமையால் அவர் தம் கணவரின் பெயரையே சொல்லிக் கூப்பிடுகிறாராம். வீட்டிலே மற்றவர்களும் மெல்ல அதற்குப் பழகி வருகிறார்களாம். இதனை அவர் சற்றே மனக்குறையோடுதான் எழுதியிருந்தார். பதிந்த பெயரை நான் இங்கே குறிப்பிடப்போவதில்லை. அது அக்குழந்தை ஒருவனுக்கே உரியது. குறிப்பிட்டால் அவன் யாரென்று தெரிந்துவிடும்.